கெணத்துல முப்பத்தாறு கலம்

செய்யூரு பஸ்ஸு நிக்கிற எடத்துல முத்துசாமின்னு பேரச் சொன்னா போதும், பத்து வாயி ஒண்ணாத் தொறக்கும். "பொண்டாட்டி செத்தா இல்ல, அந்த ஏக்கத்துல முதலியாரு கெணத்துல குதிச்சிட்டாம்பா. மாவலிபுரம் பங்களாவுல தங்கிகினு இருந்த ஆபீசருதான் கவுறு வுட்டு இஸ்தாரு. அன்னியிலேர்ந்து மண்டை கொழம்பிப்போச்சு. பன்னெண்டுக்கு மேல எண்ண வராது அவனுக்கு." பக்கத்துல கூடையோட நிக்கிறவ, குதிச்சதத் தன் கண்ணால பாத்தேன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுவா. அவ அந்த மாசம் பூரா தங்கச்சி பிரசவத்துக்கு மதுராந்தகத்துல இருந்தா. அத யாரு கேக்கறது?

குதிக்கவும் இல்ல, இஸ்க்கவும் இல்ல. மெய்யா நடந்தது வேற. குந்திக் கேளுங்க, பஸ்ஸு வரதுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும்.

முத்துசாமி அப்போ அருணகிரி முதலியாரு களத்துல நெல்லு அளக்கறவன். நல்லா அளக்கறவன்னு நாலு ஊருக்குத் தெரியும். ஒண்ணுன்னு சொல்ல மாட்டான், "லாபம்"னு ஆரம்பிப்பான். "லாபம், ரெண்டு, மூணு"ன்னு ராகமாப் போயி, கடைசியில "பன்னெண்டேய்ய்ய்"னு ஒரு இஸ்ப்பு இஸ்ப்பான். அந்த இஸ்ப்புல காக்கா பறக்கும். பன்னெண்டு மரக்கா ஒரு கலம். கலத்துக்கு ஒரு புளியங்கொட்ட எடுத்து மடியில போட்டுக்குவான். முதலியாரு புளியமரத்தடியில கட்டில் போட்டுக் கண்ண மூடிகினு குரல மட்டும் கேட்டுகினு இருப்பாரு. களம் கூட்டறது அவன் பொண்டாட்டி பாப்பா. பத்துக் கலத்துக்கு ஒரு மரக்கா அவளுக்குக் கூலி, கணக்குல சேராது. அது அந்த வூட்டு வழக்கம்.

அம்பத்தாறாம் வருஷம் மாசியில பாப்பா செத்துப்போனா. வாந்திபேதி. செங்கல்பட்டு ஆசுபத்திரிக்குன்னு வண்டி கட்டனாங்க, பாலாத்துக்கிட்ட போவறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முத்துசாமி வண்டியத் திருப்பச் சொன்னான். அவ்ளோதான் பேசனான். அழுவல. அழுவானா அழுவானான்னு ஊரே மூஞ்சப் பாத்துச்சு. கூழு குடுத்தா குடிச்சான். ஒரு நாளு உப்பு போட மறந்துட்டேன்னு அவன் அக்கா, வேண்டான்னு பேரு, ஓடியாந்தா. சட்டி காலியா இருந்துச்சு.

பங்குனியில அந்த ஆபீசரு வந்தாரு. வெங்கடராகவன்னு பேரு. கல்லு மண்ணு ஆராயற சர்க்காரு உத்தியோகம், கண்ணாடி, தொப்பி, ஜீப்பு. முதலியாரு நாப்பத்தஞ்சு அடி தோண்டியும் தண்ணி வராத கெணறு ஒண்ணு கெடந்துச்சு. மேல பூரா கோடு கோடா சேறு, அடியில கலர் கலரா உருண்டைக் கல்லு. தண்ணி இல்லன்னு முதலியாரு தலையில அடிச்சுக்கறாரு, இவரு அதப் பாத்துப் புள்ள பொறந்த மாதிரி சிரிக்கிறாரு.

மூணு நாளு அவரே எறங்கி அந்தக் கோட்ட எண்ணனாரு. அப்பறம், "இன்னொருத்தர் தனியா எண்ணணும். ரெண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனாத்தான் மேல இருக்கறவா நம்புவா"ன்னாரு.

முதலியாரு மீசையத் தடவனாரு. "நம்ம களத்துல அளக்கறவன் கீறான். எண்ணிக்க பிசகவே பிசகாது."

முத்துசாமி வந்து எட்டிப் பாத்தான். "சேத்துல இன்னாத்த சாமி எண்ணறது?"

"வெளுப்பா ஒரு கோடு, கறுப்பா ஒரு கோடு தெரியறதா? ரெண்டும் சேந்தா ஒரு வருஷம்ப்பா. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க பூரா ஐஸ் கெடந்துது."

"சதுரங்கப்பட்டணத்து மீன்காரி கூடையில போடுவாளே, அதுவா?"

"அதேதான். ஆனா பனைமேல பனை வச்சாப்ல ஒசரம், கண்ணுக்கெட்ன தூரம் ஒரே பாளம். அடியில கெடக்கற கல்லெல்லாம் அது இழுத்துண்டு வந்து போட்டது. அப்பறம் உருகி உருகிப் பின்னால போச்சு, போன எடத்துல ஏரி நின்னுது. வெயில் காலத்துல உருகின தண்ணி வண்டலைக் கொண்டுவரும், அது வெளுப்பு. குளிர்ல ஏரி மேல ஒறைஞ்சு தண்ணி அசையாம நிக்கும், மெல்லிசு சேறு படியும், அது கறுப்பு. கல்லுக்கு மேல எத்தனை ஜோடின்னு எண்ணினா, ஐஸ் நகந்து போனப்பறம் ஏரி எத்தனை வருஷம் நின்னுதுன்னு சொல்லிடலாம்."

"அப்போ ஆளுங்க?"

"ஆளும் கெடையாது, மாடும் கெடையாது."

முத்துசாமி தலைய ஆட்டனான். சாவறதுக்கு ஆளே இல்லாத வருஷம். எண்ணறதுக்கு அது தோதாத்தான் பட்டுச்சு அவனுக்கு.

நாளுக்கு ஒண்ணேகா ரூபா கூலி. கவுத்துல பலகை கட்டி எறக்குவாங்க. மேல கவுறு புடிக்கிறவன் சடையப்பன். அவனுக்கும் முதலியாரு களத்துல அளக்கணும்னு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

"மச்சான், ஐஸு அகப்பட்டா ஒரு துண்டு மேல அனுப்பு. சர்பத்து போட்டுக்கலாம்!"

கீழேருந்து, "லாபம், ரெண்டு, மூணு."

"இன்னா மச்சான், செவுத்தோட பேசற, என்னோட பேச மாட்டியா?"

"பன்னெண்டேய்ய்ய்."

நாலு நாளு அப்படியே போச்சு. வெரலால கோட்டத் தொட்டுத் தொட்டு, கல்லுலேர்ந்து மேல மேல. கெணத்துக்குள்ள சில்லுன்னு இருந்துச்சாம். அது கூட சடையப்பன் சொல்லித்தான் தெரியும், முத்துசாமிக்குச் சில்லுன்னும் தெரியல, சுள்ளுன்னும் தெரியல. ரெண்டாம் நாளு மேல வந்தப்போ தொடையில கவுறு அறுத்து ரத்தம். "யோவ், பாருய்யா!"ன்னான் சடையப்பன். முத்துசாமி பாத்தான். வேட்டிய எறக்கி வுட்டுகினு வூட்டுக்கு நடந்தான்.

நாலாம் நாளு பொழுது சாயறப்போ மடியிலேர்ந்து புளியங்கொட்டய எடுத்துத் திட்டுல வச்சான். முப்பத்தாறு.

"முப்பத்தாறு கலம் சாமி. நானூத்தி முப்பத்திரெண்டு."

ஆபீசரு நோட்டப் பாத்தாரு, மூஞ்சி தொங்கிப்போச்சு. "எனக்கு நானூத்தி அறுபத்தெட்டு. முப்பத்தாறு கொறையறதே."

"எங்கடா தூங்கன?" முதலியாரு கத்தனாரு. மத்தவங்க எதுக்க அவரு மானம் போச்சு. "எண்ணத் தெரியாதவனா இத்தினி வருஷம் என் நெல்ல அளந்த?"

சடையப்பன் கவுத்தச் சுத்திகினே, "கண்ணு கலங்கிச்சோ இன்னாவோ ஆண்டே"ன்னான், ரொம்பப் பரிதாபமா.

ஆபீசரு நல்ல மனுஷன். "ஆத்துக்காரி போய் ஒரு மாசம் கூட ஆகலையாமே. மனசு எங்கயோ இருந்திருக்கும். விட்டுடுங்கோ."

முதலியாரும் கொஞ்சம் எறங்கனாரு. "சரிடா. சித்திர அறுப்புக்கு சடையப்பன் அளக்கட்டும். நீ மனசு தேறி அடுத்த போகத்துக்கு வா. போ."

வாய மூடிகினு போயிருந்தா ஒரு போகத்தோட தலை தப்பிச்சிருக்கும். முத்துசாமி அந்தப் புளியங்கொட்டையப் பாத்துகினே நின்னான். கொறையறது முப்பத்தாறு. கொட்டையும் முப்பத்தாறு.

"தூங்கல ஆண்டே"ன்னான். "கலத்துக்கு ஒண்ணு தள்ளிட்டேன். பன்னெண்டேய்னு இஸ்க்கறேன் இல்ல, அந்த இஸ்ப்புல வெரலு ஒரு ஜோடியத் தாண்டிடுச்சு. களத்துல அப்படித்தான் அளப்பேன். கை பழகிப்போச்சு."

"களத்துல தாண்டறதா? எதடா தாண்டுவ?"

"ஒரு மரக்கா. குரலு நீளற நேரத்துல பாப்பா மொறத்துல போட்டுடுவேன்."

"பத்துக் கலத்துக்குத்தானேடா ஒரு மரக்கா?"

"நான் கலத்துக்கு ஒண்ணு போட்டேன்."

"எத்தினி நாளா?"

"கட்டிகினு வந்ததுலேர்ந்து. பதினோரு வருஷம்."

சடையப்பன் கவுத்தக் கீழ வுட்டுட்டான். ஆபீசருக்கு இதெல்லாம் காதுலயே ஏறல. அவரு நோட்டுல பென்சிலால பதிமூண முப்பத்தாறால பெருக்கிகினு இருந்தாரு. "நானூத்தி அறுபத்தெட்டு! ஒரு கோடு பிசகலை சார், ரெண்டும் ஒத்துப்போயிடுத்து!"ன்னு முதலியாரு கையப் புடிச்சுக் குலுக்கனாரு. முதலியாரு கையப் புடுங்கிகினாரு.

"திருட்டு நாயே. இனிமே என் களத்துப் பக்கம் உன் நெழலு வுழக்கூடாது."

"சரி ஆண்டே."

"பொண்டாட்டிய நெனச்சுகினு எண்ணனேன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பேனேடா!" முதலியாருக்கே தாங்கல.

"நெனைக்கல ஆண்டே. எண்ணத்தான் எண்ணனேன்." சொல்லிட்டு நாலு நாளு கூலி அஞ்சு ரூபா வாங்கிகினு போனான். வேண்டா அன்னிக்கு ராத்திரி பூரா தலையில அடிச்சுகினு திட்டனா. அவன் படுத்துத் தூங்கிட்டான்.

திருட்டு சேதி வெளிய வந்தா முதலியாருக்குத்தான் அசிங்கம். பதினோரு வருஷம் எதுக்க குந்திகினு ஏமாந்தாருன்னு ஊரு சிரிக்கும். அதனால அவரு வாயத் தொறக்கல. சடையப்பனுக்கு அளக்கற மரக்கா கெடைச்சுது, அவனும் தொறக்கல. ஆனா ஊருக்கு எதாவது ஒண்ணு வேணுமே. கெணறு இருக்குது, செத்த பொண்டாட்டி இருக்கறா, குதிக்க வச்சுட்டாங்க.

முத்துசாமி இப்போ சவுக்குக் கட்ட தூக்கி லாரியில ஏத்தறான். போன வாரம் பஸ்ஸு நிக்கிற எடத்துல சடையப்பன் வெளியூருக்காரங்க நாலு பேருக்கு கைய ஆட்டி ஆட்டி சொல்லிகினு கீறான். "தொபுக்குன்னு குதிச்சாம்பா, நான்தான் கவுறு புடிச்சேன். மேல தூக்கனா, எண்ணிக்கையே மறந்துபோச்சு மச்சானுக்கு, பாவம்." முத்துசாமி லாரிக்குப் பின்னாலேர்ந்து தோளுல கட்டயோட வந்து எதுக்க நின்னான்.

"சாவறதுக்கு எறங்கல. ஒண்ணேகா ரூபாவுக்கு எறங்கனேன். கோடு நானூத்தி அறுவத்தெட்டு ஜோடி. முப்பத்தாறு திருடனேன். திருடன்னு சொல்லிக்கோ, எவன்கிட்ட வேணா சொல்லிக்கோ. எண்ண வராதுன்னு இன்னொரு வாட்டி சொன்ன, பல்லு கீழ கெடக்கும்."