வந்து சேராத கட்டளை

எண்பதுகளில், ஞாயிறு பூசை முடிந்ததும் புக்கிட் மேரா தேவாலயக் கூடத்தில் ஈயப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி வாட்டர்லூ போரை நடத்துவோம். என் அணியில் ஆடியவர் ஒரு தபால்காரர். வெயிலில் கறுத்த முகம், நெற்றியில் தொப்பித் தடம். எழுதிய கட்டளை கைக்கு வந்தால்தான் படையை நகர்த்தலாம் என்பது விதி. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டே நகர்த்துவார்.

அன்று நான் நெப்போலியன். என் படை சிதறவே, உதவிக்கு வரச் சொல்லி அவருக்குச் சீட்டு எழுதினேன். சீட்டு போய்ச் சேருமா என்று பகடை உருட்டினோம்; கொண்டுபோகும் தூதன் வழியிலேயே சுடப்பட்டான் என்று விழுந்தது.

"எதிர்லதானே நிக்கிறீங்க அண்ணே! நான் கத்துறது கேக்கலையா? வாங்க லா!"

"கேக்குது தம்பி. சீட்டு என் கைக்கு வரலையே," என்றார். அவர் நகரவே இல்லை. தோற்றோம்.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த மாதம் ஊருக்குப் புறப்பட்டபோது, வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்தேன்.