பத்தியம் முடிந்த அன்று

போன வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்றாம்பாளையத்திலிருந்து வந்த மாமியார் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, "எண்ணெ, காரம் எதுவும் ஆவாது. மோர்சோறுதான், உப்புகூட கம்மியாதான்" என்றார். அவருக்கு என் பழைய கதை தெரியாது. கல்லூரி விடுதியில் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போனவள் நான். டாக்டர்கள் அனரெக்சியா என்றார்கள்; எங்கள் வீட்டில் திமிர் என்றார்கள். மீண்டு வர வருடங்கள் ஆயின. பெண் பார்க்க வந்த அன்றே இதையெல்லாம் கணவரிடம் சொல்லியிருந்தேன்.

அதனால் பத்தியம் என்றதும் அவர் முகம் மாறியது. எனக்கோ நிம்மதியாக இருந்தது. சாப்பிடாமல் இருக்க எல்லோரும் சேர்ந்து அனுமதி கொடுத்த மாதிரி. அந்த நிம்மதியை அப்போதே நான் நம்பவில்லை.

மாமியார் ஊருக்குப் போனார். நான் போச்சம்பள்ளி கம்பெனிக்குத் திரும்பினேன். யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. குத்தும்போது ஒரு சந்தோஷம் வந்தது, திருட்டுத்தனமாக. சாயங்காலம் என் டிபன் பாக்ஸைக் கணவர் திறந்து முகர்ந்து பார்ப்பார், சோற்றைக் கொட்டிவிட்டுக் கழுவினேனா என்று. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்கா, "உங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரு. கேன்டீன்ல நீ சாப்புடுறியான்னு கேட்டாரு" என்றாள்.

அன்று அவரோடு பேசவே இல்லை. வேவு பார்க்கிறாரே என்று கோபம். ஆனால் அந்தக் காலத்தில் அம்மா என் தட்டை எட்டிப் பார்த்தபோதும் இதே கோபம்தான் வந்தது. கோபப்படுவது நானா, அந்த நோயா என்று தெரியவில்லை.

கடைசி ரத்தப் பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரிக்குத் தனியாகப் போனேன். "லிவர் நார்மல்மா. இனிமே எல்லாம் சாப்பிடலாம். எடைதான் ரொம்ப இறங்கியிருக்கு" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கணவர் போனில் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

இன்னும் ஒரு மாசம் பத்தியம் என்று வாய் வரை வந்துவிட்டது, யோசிக்காமலே. அதில்தான் பயந்துபோனேன்.

"எல்லாம் சாப்பிடலாம்னு சொல்லிட்டாரு. ஆனா உங்ககிட்ட பொய் சொல்லப் பாத்தேன். அது திரும்ப வந்துருச்சோன்னு சந்தேகமா இருக்குங்க."

"அங்கியே இரு. வண்டி எடுத்துனு வரேன்" என்றார்.

சூளகிரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், குருபரப்பள்ளியில் ஒரு ஓட்டல் முன்னால் வண்டியை நிறுத்தினார். எண்ணெய் மினுங்க ரோஸ்ட் வந்தது.

"என் தட்டைப் பாக்காதீங்க."

அவர் ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாக்கல. ஆனா நீ சாப்புடறன்னு நான் எப்டி நம்பறது?"

"என்னையே நான் நம்பல. நீங்க எப்படி நம்புவீங்க? என்கிட்டயே கேளுங்க. டிபன் பாக்ஸை மோந்து பாக்காதீங்க, அடுத்தவங்களுக்குப் போன் பண்ணாதீங்க."

சரி என்றார். பாதிக்கு மேல் தோசை இறங்கவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து மீதியையும் சாப்பிட்டேன்.

மறுவாரம் ஓசூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். எடை மெதுவாக ஏறியது. இப்போது தினமும் அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன். சில நாள் "நெஜமா?" என்று இன்னொரு தடவை கேட்பார். எரிச்சல் வரும். பசியில்லை என்று தோன்றுகிற காலைகளில் நானும் என்னை அப்படித்தான் கேட்கிறேன். பதிலுக்குக் காத்திராமல் இட்லியைத் தட்டில் வைத்துக்கொள்கிறேன்.