விளக்கு வைத்த பிறகு கூட்டாத கொட்டகை

என் மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். வேலைக்குப் போகாமல், நகரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பன்றி வளர்த்தாள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கேட்டவர்களிடம் 'பண்ணை' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. நாலு மாதம் படுக்கை. கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ரெண்டு வேளையும் சாணி அள்ளணும்மா. தரை காயணும். புழு முட்டை பசை மாதிரி ஒட்டிக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது" என்றாள்.

திருவான்மியூரில் பஸ் மாறி தினமும் போனேன். முதல் நாள் சாயங்காலம் அங்கிருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். வேலைக்கார அம்மாள் துடைப்பத்தை எடுத்தாள்.

"விளக்கு வச்சாச்சு, இப்பப் போய் கூட்டாதே. காலையில அள்ளிக்கலாம்."

"இன்னாம்மா நீ, லச்சுமி பன்னிக் கொட்டாய்க்கா வரப்போவுது?" என்று சிரித்தாள். மறுநாளிலிருந்து சாயங்காலம் துடைப்பத்தைத் தொடவில்லை.

காலையில் பினாயிலை நிறைய ஊற்றச் சொன்னேன். கொட்டகை மணத்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாம் மாதம் குட்டிகள் இருமின. வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிந்தது. மழைச்சளி என்று நினைத்தேன். சொன்னால் எழுந்து வந்துவிடுவாளே என்று மகளிடம் சொல்லவில்லை. ஒரு குட்டி செத்த பிறகுதான் சொன்னேன்.

ஊன்றுகோலோடு வந்து, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அதை அறுத்துப் பார்த்தாள். குடல் முழுக்க வெள்ளைப் புழு, இடியாப்பம் போல் அடைத்துக்கொண்டு. ஈரலில் வெள்ளைத் திட்டுகள்.

"புழு மருந்து தவறாமத்தானே கொடுத்தோம்" என்றேன்.

"தரையில முட்டை கிடந்தா மருந்து என்னம்மா பண்ணும்? சாயங்காலம் யார் அள்ளினது?"

வேலைக்கார அம்மாள் என்னைப் பார்த்தாள். "நான்தான்க்கா, ஒடம்பு முடியல, உட்டுட்டேன்."

எனக்காகப் பொய் சொன்னாள். அதை அப்படியே விட்டுவிட ஒரு கணம் எனக்கு மனம் வந்தது. பிறகு, "நான்தான் வேண்டாம்னேன். விளக்கு வச்சப்புறம்னு..." என்றேன்.

மகள் திட்டவில்லை. "ரெண்டு வேளைன்னுதானே சொன்னேன்" என்றாள், சின்னக் குரலில்.

மேலும் ஆறு குட்டிகள் போயின. மிச்சத்தை இறைச்சிக்காரர் வேண்டாம் என்றார். வேறொருவர் கிடைத்த விலைக்கு அவற்றையும், பால்புட்டியில் அவள் வளர்த்த தாய்ப் பன்றியையும் ஏற்றிக்கொண்டு போனார்.

காலியான கொட்டகையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தாள். பொழுது சாய்ந்துவிட்டது. நான் விளக்கேற்றவில்லை. துடைப்பத்துக்குக் கை நீட்டினேன்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றாள்.

வெளியே நின்றேன். ஒற்றைக்காலில் சாய்ந்து அவள் தேய்ப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி வளர்ப்பாயா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.