மேட்டுக்குப் போகாத பதினோரு கார்கள்

யார்டு அலுவலகச் சுவரில் ஒரு பெரிய சாவிப் பலகை தொங்கும். பலகை முழுக்க கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி, சாவியோடு கட்டிய அட்டையில் வண்டியின் சேஸிஸ் எண். மேல் வரிசைகள் கார்களுக்கு. புதிதாக ஓட்டக் கற்றவர்கள் கேட்டு வரும் குட்டிக் கார், அதே முகத்தோடு பின்னால் டிக்கி நீண்ட கார், தாத்தா பாட்டியையும் சேர்த்து ஏழு பேர் ஏறும் குடும்பக் கார். நடுவில் வேன்கள். மஞ்சள் பூசிய ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸாக மாறப்போகும் வெள்ளை வேன், ஜன்னலே இல்லாத டெலிவரி வேன். கீழே லாரிகள். தண்ணீர் கேன் போடுகிறவர்கள் வாங்கும் மினி லாரி, காய்கறி ஏற்றும் நடுத்தர லாரி, ஜல்லி மண் அடிக்கும் டிப்பர். எங்கள் கம்பெனி செய்கிற வண்டி ஒவ்வொன்றிலும் ஒன்றாவது அந்த யார்டில் நின்றது. பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் போகிற வழியில், சுற்றுச்சுவர் போட்ட பழைய வயல் அது. வரும் வண்டியைப் பதிந்து, போகும் வண்டிக்குச் சாவி எடுத்துக் கொடுப்பது என் வேலை.

யார்டுக்குப் பொறுப்பு ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அம்மா அந்த வயலில் நடவுக்கு வந்தவர். அதை ஒரே ஒரு முறை, மதியச் சாப்பாட்டின்போது, "இப்ப நீ உக்காந்துகினு கீறியே, அங்கதான் எங்கம்மா சேத்துல நிப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டிப்பரைப் பின்பக்கமாகவே ஓட்டி இரண்டு லாரிகளுக்கு நடுவில் செருகி நிறுத்துவார். டிரைவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பது சூரியன் உதிப்பதைப் போல எனக்கு. மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையை ஒரு நாள் மூடினார்கள். எட்டு மாதம் சேக்காட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில், கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே கடன் கேட்டு யாரோ வந்துவிட்டார்கள் என்று பயப்படும் பழக்கம் வந்தது. யார்டு வேலை கிடைத்த பிறகும் அது போகவில்லை. மகள் அப்போது பத்தாவது முடித்திருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் கைப்பேசியில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேடம் யார்டின் பின்சுவர் மேல் ஏறி நின்று, பின்தெருவுக்கு அப்பால் ஓடும் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து சொன்னார்: "ஏரிய தொறந்தா தண்ணி ரோட்டு பக்கம் வராது ணா. ஓடை எதுத்துகினு பின்னாலேந்து ஏறும். மொதல்ல அந்தத் தெருதான் முங்கும். அப்புறம் நாம."

சுவருக்குப் பின்னால் ஒரே ஒரு தெரு. ஓட்டு வீடுகளும் சிமெண்ட் ஷீட் வீடுகளும் கலந்து நாற்பது இருக்கலாம். சுற்றியிருந்த கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், இரவுக் காவல் பார்க்கிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். தினமும் அந்தச் சுவருக்கு மேல் பந்து வந்து விழும். நாங்கள் திருப்பி எறிவோம். அந்த அளவுதான் பழக்கம்.

அம்பத்தூர் ஷோரூமிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். வண்டிகளை பைபாஸ் மேம்பாலத்துக்கு ஏற்றச் சொன்னார். விலை கூடிய குடும்பக் கார்கள் முதலில், பிறகு மற்ற கார்கள், பிறகு வேன்கள். லாரிகள் உயரமானவை, நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அன்றைக்கு வந்து சேர்ந்த டிரைவர்கள் ஐந்தே பேர். ஒரு கார் போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் ஊரே தன் வண்டியை அந்த மேம்பாலத்தில்தான் நிறுத்திக்கொண்டிருந்தது. நான் சாவிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சாவி தொலைந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் என் மனதில் ஓடியது. சுவருக்குப் பின்னால் கேட்ட கூச்சல் எனக்குள் ஏறவில்லை.

பதினொரு மணி இருக்கும். சுவர் மேல் முதலில் ஒரு குடம் வந்தது, பிறகு ஒரு கிழவரின் தலை, பிறகு வரிசையாகப் பிள்ளைகள். அந்தப் பக்கம் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு பெண் துணியில் சுற்றிய குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "பெத்து ஒம்போது நாள்தான் ஆச்சு, வாங்கிக்கோங்க" என்று கத்தினாள். மேடம் ஏறி வாங்கினார். ஈரத் துணியோடு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மேலாளருக்கு ஃபோன் போட்டார். கை நனைந்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"சார், பின்னாடி தெரு முங்கிகினு கீது. டிப்பர் ரெண்டையும், ஸ்கூல் வேனையும் எடுத்துக்கிறேன். ஜனங்கள பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு அப்புறம் காரை பாக்குறேன்."

"மேடம், அதெல்லாம் நம்பர் ப்ளேட் இல்லாத வண்டி. ஆளை ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா யாரு உள்ள போறது? ஜனங்களுக்கு போட் வரும். காருக்கு போட் வராது. முதல்ல காரை ஏத்துங்க."

மழைச் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மேடம் ஃபோனை அணைத்து ஜாக்கெட்டுக்குள் செருகினார். கூடையைப் பார்த்தார். "சாவி குடு ணா."

"மேடம், அவரு வேணாம்னு சொல்லிட்டாரு."

"எங்கிட்டதான சொன்னாரு? உங்கிட்ட சொல்லல. நீ சாவி மட்டும் குடு."

கொடுத்தேன். தைரியம் வந்து கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் நெஞ்சில் அந்தக் குழந்தை நெளிந்துகொண்டிருந்தது. கூடையைப் பிடிக்க எனக்கு வேறு கை இல்லை.

டிப்பர் ஒன்றை மேடமே ஓட்டினார், இன்னொன்றை ஒரு டிரைவர். அதன் சக்கரம் என் மார்பளவு இருக்கும். தண்ணீரைப் பிளந்துகொண்டு தெருவுக்குள் போய், பின்பெட்டி நிறைய ஆட்களோடு யார்டு வாசலுக்கு வரும். அங்கிருந்து பூந்தமல்லிப் பக்கம் இருந்த பள்ளிக்கூடம் வரைக்கும் மஞ்சள் வேன். அதை ஓட்ட ஆள் இல்லை. என்னிடம் லைசென்ஸ் இருந்தது; சுவர் தாண்டி வந்த தாயிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஏறினேன். சீட்டுகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாத வேனில், ஆடு, ஸ்டவ், ரேஷன் கார்டு வைத்த பை, நடுங்கும் பிள்ளைகள் என்று அடைத்துக்கொண்டு ஆறு நடை போனேன். ஒவ்வொரு நடையிலும் இப்போது எஞ்சின் அணையும், இப்போது போலீஸ் நிறுத்தும் என்றே நினைத்தேன். பின்சீட்டில் ஒரு பொடிப்பயல் மட்டும், "அண்ணாத்தே, ஹாரன் அடி" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

படகு சாயங்காலம் வந்தது. அதற்குள் அந்தத் தெருவில் ஓட்டு வீடுகளின் ஜன்னல் தெரியவில்லை. ஒருவரும் சாகவில்லை. யார்டில் மேட்டுக்குப் போகாமல் நின்ற கார்கள் பதினொன்று. குட்டிக் கார்கள் இரண்டு தண்ணீரில் மிதந்து போய், முத்தம் கொடுப்பதுபோல் சுவரோரம் முட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த வாரம் விசாரணை. மேலாளரும் கம்பெனியிலிருந்து வந்த இருவரும் உட்கார்ந்தார்கள். மேலாளருக்கு ஃபோன் செய்து அனுமதி கேட்டதாக மேடம் சொன்னார். அவர் அழைத்தது உண்மை, ஆனால் கார்களைப் பற்றி மட்டும்தான் பேசினார், ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார் மேலாளர். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளர் காகிதத்தை என் பக்கம் தள்ளி, குரலில் அவ்வளவு கனிவோடு, "மழைச் சத்தத்துல உங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது இல்லையா?" என்றார். பட்டறையை மூடிய நாள் நினைவுக்கு வந்தது. "யார்டு பொறுப்பாளரின் உத்தரவுப்படி வேன் ஓட்டினேன். தொலைபேசி உரையாடல் குறித்து எனக்கு எதுவும் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வரி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மேடத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் எழுதியதை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். போகும்போது அலுவலக வாசலில் நின்றார். நான் தலை நிமிரவில்லை. "பொண்ணு படிச்சிகினு கீது. வேலைய வுட்டுடாத ணா" என்றார். திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

பிறகு காதில் விழுந்த செய்தி இன்னும் மோசம். காப்பாற்றப்பட்ட தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள்; நடந்ததைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மேடத்தின் ஊரில், காரணமில்லாமல் ஒரு கம்பெனி விரட்டுமா, எதிலோ கை வைத்திருக்கிறாள் என்று பேச்சு. சொந்த அம்மாவே ஒரு நாள், "நிஜமா சொல்லு, இன்னா எடுத்த?" என்று கேட்டாராம். பழைய டிரைவர் ஒருவர்தான் இதைச் சொன்னார். கேட்டுவிட்டு, அன்று வந்த வண்டிகளை வழக்கம்போல் பதிந்தேன்.

இப்போது நான் அம்பத்தூர் ஷோரூமில் இருக்கிறேன். அவ்வப்போது வாடிக்கையாளர்களுக்கு வண்டிகளைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலை. மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் மழை வலுத்தால், கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நின்றபடி தெருவில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பேன்.

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு கிடங்குக்கு டெலிவரி வேன்கள் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மேடம். அங்கே போக்குவரத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். என்னைக் கண்டதும், "நல்லா கீறியா ணா?" என்றார். நான் வேனின் நீளம், அகலம், எத்தனை கிலோ தாங்கும் என்று ஒப்பிக்கத் தொடங்கினேன். கூட வந்தவர் உள்ளே ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "மேடம், அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும் ணா. ரெண்டடிலதான நின்னுகினு இருந்த." அவ்வளவுதான். கதவைச் சாத்திப் பார்த்தார், டயரைக் குனிந்து பார்த்தார், போய்விட்டார்.

அன்றிலிருந்து பதினைந்து நாள் யோசித்தேன். அந்த மேலாளர் இப்போது மண்டல மேலாளர். என் பதவி உயர்வுக்கும் விடுப்புக்கும் அவர்தான் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். யார் யாரிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, நான் எங்கே நின்றேன், பிறகு ஏன் பொய் எழுதினேன் என்று நாலு பக்கம். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்திட்ட ஒரு நகலை மேடத்தின் கைப்பேசிக்கும் அனுப்பினேன்.

கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை. தினமும் காலையில் ஷோரூம் கதவைத் தள்ளும்போது இன்றைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். மண்டல மேலாளர் இரண்டு முறை வந்து போனார். என்னைத் தாண்டி நடந்தார். அனுப்பிய நான்காம் நாள் மேடத்திடமிருந்து "இப்ப இன்னாத்துக்கு ணா இதெல்லாம்" என்று ஒரு செய்தி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

"அம்மாவுக்குப் படிச்சி காட்னேன். ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிச்சு."