சோற்றுக்கைக்குப் பூசிய மருந்து

எங்கள் பிளாட்டில் மாடிக்கு ஒரு வைத்தியர் உண்டு. படித்துப் பட்டம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. ரமணியின் இரண்டு முழங்கைகளிலும் தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளைச் செதில் உதிரத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்கெல்லாம் ஓயாத வேலை. மூன்றாம் மாடிக்காரி கருஞ்சீரக எண்ணெய் கொண்டுவந்தாள். கீழ்வீட்டுக்காரர் குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொன்னார். கத்திரிக்காய் ஆகாது, நண்டு ஆகாது, கருவாடு கண்ணிலேயே படக்கூடாது என்று ஒருத்தி அடுக்கினாள். போன பிறவியில் செய்த பாவம் என்று கண்டுபிடித்த புண்ணியவானும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ் என்று பேர் சொல்லி, இது தொற்றாது, முழுசாகப் போகவும் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். அந்தப் பேச்சை மட்டும் எவரும் காதில் வாங்கவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி வயதானவள். என் வாயைப் பற்றி எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் நல்ல பேர் கிடையாது. எனக்கும் ஆயர் ஈத்தாமைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. ரமணியை மட்டும் பிடிக்கும். அதற்கும் அவள் சமையல்தான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

ரமணி சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு இங்கே எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள். தூசியே நுழையக்கூடாத அறையில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். செதில் வந்த பிறகு அந்த உடுப்பு அவளுக்குப் பெரிய ஆறுதல். உள்ளே யாருக்கு என்ன வியாதி என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் உடுப்பு மாற்றும் பெஞ்சில் உதிர்ந்து கிடந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மறுவாரமே பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றல். “உங்க நல்லதுக்குத்தான்” என்றாராம். அடுத்தவரை ஒதுக்கும்போது மட்டும் இந்த மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு நல்ல எண்ணம் வருமோ.

அவள் புருஷன் குணாளன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர். அதாவது யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார், பெண்டாட்டிக்காகவும் பேசமாட்டார்.

இவர்களுக்கு ஒரே மகள், ஷர்மினி. பேங்கில் வேலை. சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த கோகுலன் என்கிற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. பரிசம் போட வந்த அன்று ரமணி தாம்பாளத்தை நீட்டினாள். பையனின் அம்மா ஜெயலெட்சுமி அவள் கையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் தாம்பாளத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். சபையில் அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். பார்க்காத மாதிரி எல்லாரும் கேசரியைப் புகழ்ந்தார்கள்.

அடுத்த வாரம் சேதி வந்தது. நேரே வரவில்லை, குணாளனின் அண்ணி வழியாக வந்தது. தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவள்தான் தண்ணீர் ஊற்றவேண்டும். அதைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்தால் என்ன என்று சம்பந்தி வீட்டில் கேட்கிறார்களாம். வீடியோ எடுக்கிறார்களாம், மங்கள காரியமாம். சொல்லும்போதே அண்ணி என்ன கலர் பட்டு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. குணாளன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தாலும் ரமணி தாங்கியிருப்பாள். பெற்ற மகளே வாயைத் திறந்தாள்.

“அம்மா, பெரியம்மாவே ஊத்தட்டும் லா. ஒரு நிமிஷ வேலைதானே. எதுக்கு வீணா பிரச்சன?”

ரமணி நேரே என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், “என் புள்ளய நான்தான் அக்கா தார வாத்துக் குடுப்பேன். வேற எதையும் நான் கேக்கல” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பேன்.

அப்போதுதான் டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் புது கிரீம் ஒன்றைப் பரிசோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் காடியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனேன். அதிரா என்று ஒரு டாக்டர், சின்ன வயசு. ரமணியின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையுறை போடாமல். அதற்காகவே அந்தப் பெண்ணை நான் கொஞ்சம் மதித்தேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த மதிப்பும் போய்விட்டது.

“ரெண்டு கையிலயும் ஏறக்கொறைய ஒரே அளவுல இருக்கு அக்கா, அதனாலதான் உங்கள எடுத்துக்கிறோம். இந்த டியூப் இடது கைக்கு மட்டும், இது வலது கைக்கு மட்டும். ஒன்னுல மருந்து இருக்கு. இன்னொன்னு வெறும் கிரீம். எது எதுன்னு எனக்கே தெரியாது.”

“டாக்டருக்கே தெரியாத மருந்துக்கா பெட்ரோல் போட்டு வந்தோம்?” என்றேன்.

“தெரிஞ்சிட்டா, மருந்து போட்ட கை நல்லாருக்குன்னு என் கண்ணே சொல்ல ஆரம்பிச்சிடும் அக்கா. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு” என்று சிரித்தார்.

எண்ணெய், இலை, வேறு களிம்பு எதுவும் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவை வரும்போதும் டியூப்பைக் கொண்டுவரவேண்டும், எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். ஒழுங்காக முடித்தவர்களுக்கு, நல்லது என்று தெரிகிற கிரீமை ஒரு வருஷத்துக்குச் சும்மா கொடுப்பார்கள். இதெல்லாம் சொல்லி, கையெழுத்து வாங்கி, போட்டோ பிடித்து அனுப்பினார்கள்.

ஒரு மாதம் போனது. இடது முழங்கையில் செதில் நின்று, தடிப்பு இறங்கி, தோல் பழைய நிறத்துக்கு வந்தது. வலது கை அப்படியே மரப்பட்டை மாதிரி இருந்தது. எதில் மருந்து என்று கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? ரமணி கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிப் பார்க்க என் வீட்டுக் கண்ணாடிக்கு வந்தாள். முந்தானை இடது தோளில் விழுந்து இடது கையை மூடியது. வலது கை பளிச்சென்று வெளியே நின்றது. குணமானது புடவைக்குள் ஒளிந்துகொண்டது, குணமாகாதது சபைக்கு முன்னால் வந்து நின்றது. முழுக்கை ரவிக்கை போட்டால், ஏன் போட்டாள் என்று ஊரே சொல்லும்.

“சோத்துக்கை அக்கா” என்றாள் ரமணி. “நான் இந்தக் கையாலதானே ஊத்தணும்.”

நல்ல டியூப்பை இரண்டு கைக்கும் பூசினால் சீக்கிரம் தீர்ந்துவிடும், நிறுக்கும்போது மாட்டிக்கொள்வாள். அதனால் மாற்றிப் பூசினாள். இடது கை டியூப் வலது கைக்கு, வலது கை டியூப் இடது கைக்கு. எடை சரியாக வரும். பெட்டி கட்டும் பகுதியில் எடை பார்க்கிறவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் சொல்லியா கொடுக்கவேண்டும். இரண்டு கையும் அவள் கைதானே, எதற்கு எதைப் பூசினால் இவர்களுக்கு என்ன என்றுதான் எனக்கும் பட்டது.

அடுத்த தடவை போனபோது டாக்டர் அதிரா குழம்பிப்போனார். வலது கை தெளிந்திருந்தது. இடது கையில் தடிப்பு திரும்பியிருந்தது.

“மாத்தி ஏதும் பூசலையே அக்கா?”

“இல்ல டாக்டர். நீங்க சொன்ன மாதிரிதான்.”

அவர் ரமணியின் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தேன். அவர் சரியென்று எழுதிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சம்பந்தியம்மா பெண்ணுக்குப் புடவை கொடுக்க வந்தார். புடவை ஒரு சாக்கு. ரமணி குட்டைக் கை ரவிக்கையோடு டீயை நீட்டினாள். ஜெயலெட்சுமியின் கண் டீயில் இல்லை.

“அட, நல்லாயிடுச்சே. எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீங்க?”

ரமணி ஒரு சாமி பேரைச் சொன்னாள். கிளினிக் பேரைச் சொன்னால் திரும்பவும் வியாதிக்காரி ஆகிவிடுவாளே. சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, “அப்புறம் என்ன, நீங்களே ஊத்துங்க, பெத்தவங்கதானே ஊத்தணும்” என்றார், என்னமோ இதுவரை வேறு யாரோ தடுத்துவைத்திருந்த மாதிரி. பக்கத்தில் இருந்த ஷர்மினி சந்தோஷப்பட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பெற்ற தாய்க்கு மரியாதை கிடைத்தது இவளுக்கு ஏன் கசக்கிறது என்று அந்தப் பெண்ணை மனசுக்குள் நன்றாகவே திட்டினேன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. முகூர்த்த நேரத்தில் பெரியம்மா புதுப் பட்டில், கூப்பிட்டால் ஓடிவருகிற தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. குணாளன் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். ரமணி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். அவள் முகம் திடீரென்று மாறியதைப் பார்த்தேன். செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் அவள் கையை நிமிர்த்தவில்லை. ஐயர் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. பெற்ற மனசு என்று பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

பந்தி நேரத்தில் ரமணி என்னைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“அவளுக்கும் இருக்கு அக்கா.”

“என்னது?”

“கைய நீட்டும்போது ரவிக்கை மேல ஏறுச்சு. முழங்கைக்கிட்ட, காசு அகலத்துக்கு. மேல மேக்கப் பூசியிருக்கா. தண்ணி வழிஞ்சு பட்டதும் வெடிச்சு உள்ள இருக்கிற வெள்ள தெரியுது. எனக்குத் தெரியாதா அது என்னன்னு?”

ஷர்மினி ஏன் அப்படிப் பேசினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவைப் பார்த்து அவள் கூச்சப்படவில்லை. அம்மா கையையும் தன் கையையும் யாராவது ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள். பேங்கில் ஊரார் கணக்கெல்லாம் பார்க்கிற பெண், கட்டிக்கப்போகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லாமல் மேக்கப்காரியிடம் போயிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரை வந்தது. கைக்குட்டையால் தாம்பாளம் துடைக்கிற வீட்டுக்கு வாழப் போகிறவள் வேறு என்னதான் செய்வாள் என்றும் தோன்றியது. இரண்டு நினைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

பரிசோதனையின் கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் போய், போட்டோ பிடித்துக்கொண்டு, டியூப்பைக் கொடுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு மருந்து. டாக்டர் அதிரா தராசில் டியூப்பை வைக்கப்போனார்.

“டாக்டர், நான் மாத்திப் பூசிட்டேன்” என்றாள் ரமணி. “மொத மாசம் ஒழுங்கா பூசுனேன். அப்புறம் இடது கை டியூப்ப வலது கைக்குப் பூசினேன். அன்னிக்கு நீங்க கேட்டப்பப் பொய் சொன்னேன்.”

நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. நன்றி சொன்னார். மாற்றிய நாளிலிருந்து எடுத்த அளவையெல்லாம் சேர்க்க முடியாது, விதிப்படி ஒரு வருஷ மருந்தும் கிடைக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ரமணி சரி என்று தலையாட்டினாள். சொந்தக்காரர் ஒருவருக்கு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, இந்த மருந்து எப்போது கடைக்கு வரும் என்று கேட்டாள். நல்ல மருந்து என்று நிரூபணமானால் வரும், சில வருஷமாகும், அதுவரை வேறு மருந்து இருக்கிறது, அவர்களை வரச்சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

காடியில் ஏறியதும் ஆரம்பித்தேன். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கையில கெடச்ச மருந்த யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? எத்தன பேர் கையில பூசிப் பாக்குறாங்க. உன் ஒரு கையால அவங்க கணக்கு கவுந்துடப் போவுதா?”

ரமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஒருத்திதான் மாத்திப் பூசுனேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா? நம்ம பொம்பளைங்க எல்லாரும் பொடவதான் கட்டுறாங்க. எல்லாருக்கும் சோத்துக்கைதான் வெளிய தெரியுது. எல்லாரும் மாத்திப் பூசிட்டு, டாக்டர்கிட்ட தலையாட்டிட்டு வந்தா, ரெண்டு டியூப்பும் ஒன்னுதான், இதுல ஒன்னும் இல்லன்னு எழுதித் தூக்கிப் போட்ருவாங்க. அப்புறம் எம் புள்ளைக்கு நான் எங்க போயித் தேடுவேன்?”

ஆயர் ஈத்தாம் வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.