கழற்றி வாங்கிய பொன்னாடை

செஞ்சி கடைவீதி வியாபாரிகளும் அரிசி ஆலை முதலாளிகளும் சேர்ந்து, வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வேலையும் வாடகை வீடும் பிடித்துக் கொடுக்க ஒரு குழு அமைத்தோம். நான்தான் செயலாளர். ஒரு வீடுகூடப் பிடிப்பதற்கு முன்பே விழா எடுத்துவிட்டோம்.

விழாவுக்குப் பத்துத் தொழிலாளர்களை அழைத்திருந்தோம். பொன்னாடை இருபது வாங்கினோம். மேடையேறியதும் முதலில் நாங்களே ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டோம். அதில் எங்களுக்கு வெட்கமே கிடையாது. மிச்சம் பத்தும் தொழிலாளர்களுக்குப் போனது. அப்போது பார்த்து, அழைக்காத பிரமுகர் ஒருவர் இளித்துக்கொண்டே படியேறி வந்தார். வெறுங்கையோடு நின்ற எங்கள் தலைவர் என்னை முறைத்தார்.

மேடை ஓரத்தில் நின்ற மகேஷிடம் ஓடினேன். பீகார்காரர், ஆலையில் மூட்டை தூக்குபவர், ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறார்.

"போட்டோ எடுத்தாச்சு இல்ல? அத்த கழட்டிக் குடுப்பா," என்றேன்.

அவர் கழற்றி, ஓரம் பார்த்து மடித்து நீட்டினார். "இந்தாங்க சார். இன்னும் யாருக்குனா வேணும்னா சொல்லுங்க, எங்க ஆளுங்ககிட்ட இருக்குது," என்றார், எங்கள் ஊர்த் தமிழிலேயே. அதில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்கு உதவத்தான் பார்த்தார்.

நான் கூசாமல் கொண்டுபோய்ப் பிரமுகருக்குப் போர்த்தினேன். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றப் போனபோதுதான் கவனித்தேன். என் பொன்னாடை என் தோளிலேயே கிடந்தது. அதைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.