பொய் வயிறும் பொய் வலியும்

சப்பான்காரன் காலத்தில் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துச் சிகப்பி சுமந்த வயிற்றைப் போல இன்னொன்றை மலாயாவின் கெடா மாநிலம் முழுக்கத் தேடினாலும் காட்ட முடியாது. ஒரு மூட்டை அரிசி அதற்குள் இருந்தது. மூட்டை என்பது கொஞ்சம் கூடுதல்தான், எனக்கே தெரியும். பெரிய வயிறு என்று சொல்ல வந்தால் கை தானாக அகல விரிந்துவிடுகிறது. நீங்களே குறைத்துக்கொண்டு படியுங்கள். பிறகு நடந்ததில் குறைக்க ஒன்றும் இல்லை.

அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது உத்தரவு. சிகப்பி சுங்கைப் பட்டாணி டவுனில் தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கினாள், தோட்டத்தில் விற்றுக் காசு பார்க்கலாம் என்று. பழைய சேலையில் பை தைத்து, அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினாள். இடுப்பில் ஒரு கை. ரோட்டுக் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல். ஒரு மலாய்ப் பெரியவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார்.

பாலத்துக் காவலில் எல்லாரையும் இறக்கினார்கள். சப்பான் சிப்பாய் முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்து வணங்க வேண்டும். சரியாகக் குனியாவிட்டால் அறை. அந்த அறைக்குப் பயந்த பயத்தில் சிகப்பிக்கு வயிறு மறந்துபோனது. நிறைமாதக்காரி எவளும் குனிய முடியாத அளவுக்கு, நாற்று நடுகிறவளைப் போலக் குனிந்தாள். தையல் விட்டது. சிப்பாயின் பூட்ஸைச் சுற்றி அரிசி கொட்டியது.

அவன் முதலில் சிரித்தான். பிறகு அறைந்தான். பிறகு ரோட்டில் உட்கார்ந்து பொறுக்கச் சொல்லி, பொறுக்கியதையும் வாங்கி வைத்துக்கொண்டான். அதுவரை பஸ் நின்றது. அதில் பாதிப்பேர் அவள் தோட்டத்து ஆட்கள். ஆனாலும், இடம் கொடுத்த பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவளுக்கு அறையைவிட எரிந்தது.

அன்றிலிருந்து லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளில், அவள் பெயர் 'அரிசி வயிறு'.

மறுவருஷம் நிஜமாகவே உண்டானாள். மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பில் ஆறு மாதம்வரை மறைப்பது கஷ்டமாக இல்லை. ஏழாம் மாதம் முந்தானைக்கு அடங்கவில்லை. குழாயடியில், மகனை இடுப்பில் வைத்திருந்த அம்சவள்ளி முதல் ஆளாகக் கேட்டாள்.

"எத்தனை படிடி கட்டியிருக்க?"

"பிள்ளைதான், அம்சா."

"போன தடவையும் அப்படித்தானே முனகுன. எதுக்கும் குனியாம நட."

குடத்தை எடுத்துக்கொண்டு சிகப்பி நடந்தாள். குனியாமல்தான் நடந்தாள். வளைகாப்பு வைக்கலாமா என்று கேட்ட புருஷன் பிச்சையிடம், "வளையல் போட வர மாட்டாங்க, வயித்தத் தட்டிப் பாக்கத்தான் வருவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

வந்தது ஒரே ஆள், லயத்துக் கோடி வீட்டு மருத்துவச்சி மருதம்மாள். அவள் வந்து தட்டிப் பார்க்கவில்லை, தடவிப் பார்த்தாள்.

"இனிமே மல்லாந்து படுக்காத, ஒருக்களிச்சுப் படு. நெஞ்சு எரியும், மூச்சு முட்டும், கால் வீங்கும். அதெல்லாம் வரும், போகும். மொகம் வீங்குனாலோ, கண்ணு மங்குனாலோ, பிள்ள ஒதைக்கிறது கொறஞ்சாலோ ஒடனே ஆளனுப்பு. அடிக்கடி ஒண்ணுக்கு வரும், தும்முனாகூடச் சொட்டும். வெக்கப்படாத."

எல்லாம் அவள் சொன்னபடியே வந்தன. வெட்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் யாராவது சிரித்தால், காலுக்கடியில் அரிசி நெறிபடுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒன்பதாம் மாதம் பிறந்த கையோடு ஒரு மத்தியானம் வயிறு கல்லாக இறுகியது. பிச்சை ஓடிப்போய் மருதம்மாளைக் கூட்டிவந்தான். அவள் பின்னால் வாசலில் கூட்டமும் சேர்ந்தது. மருதம்மாள் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் நடக்கவிட்டாள், தண்ணீர் குடிக்க வைத்தாள். வலி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"பொய் வலி" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே.

"வயிறே பொய்யி. வலி மட்டும் நெசமாவா வரும்?" என்றாள் வாசலில் நின்ற அம்சவள்ளி. லயமே சிரித்தது. மருதம்மாள் அவர்களை விரட்டப் போனாள். போன இடத்தில் வேறு வீட்டிலிருந்து ஆள் வந்து அவளை அழைத்துப் போய்விட்டது.

மருத்துவச்சிக்கு அது தினமும் வாயில் புழங்கும் சொல். சிகப்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருதம்மாள் அக்காவும் தன்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டாள் என்றுதான் அவள் காதில் விழுந்தது.

"ஏங்க, இனிமே நானாச் சொல்லாம யாரையும் கூப்பிடாதீங்க" என்றாள் பிச்சையிடம்.

அடுத்த வலி வந்த அன்று பிச்சை காடு வெட்டப் போயிருந்தான். இந்த வலி முதுகில் கிளம்பி முன்னால் வந்தது. நடந்து பார்த்தாள், போகவில்லை. தண்ணீர் குடித்தாள், போகவில்லை. விட்டுவிட்டு வந்தது, வரவர நெருங்கி வந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டாள். உச்சி வெயிலில் காலோடு தண்ணீர் ஓடியது. தும்மவும் இல்லை, இருமவும் இல்லை, இப்படியா அடக்கமில்லாமல் போகும் என்று கூசிப்போய், யாரும் பார்ப்பதற்குள் தரையைக் கழுவ உட்கார்ந்தாள்.

மருதம்மாள் அந்தப் பக்கம் போனது தற்செயல்தான். வேளைகெட்ட வேளையில் வாசல்வரை வழிந்த தண்ணீரைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"கொடம் சாஞ்சிருச்சுக்கா."

குடம் நிமிர்ந்துதான் இருந்தது. மருதம்மாள் சிகப்பியின் சேலை ஓரத்தைப் பிடித்து முகர்ந்தாள்.

"பனிக்கொடம் ஒடஞ்சிருக்குடி. வலி இருக்கா?"

சிகப்பி பார்வையைத் தரையில் வைத்தாள். உதடு வெளுத்திருந்தது. "பொய் வலிதான்க்கா. போயிரும்."

மருதம்மாள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பிள்ளைகளை எடுத்த கை, அன்றைக்கு ஒரு சொல்லை எங்கே போட்டுவிட்டுப் போனோம் என்று தேடியது.

"நீ பொய் சொல்றேன்னா சொன்னேன்? வலியத்தானே சொன்னேன். முன்கூட்டி வந்து ஏமாத்திட்டுப் போற வலிக்கு அதான் பேரு. அதுக்காக மூச்சுக்காட்டாம கெடந்தியா? நான் இந்தப் பக்கம் வராமப் போயிருந்தா?"

அதற்குள் அடுத்த வலி வந்தது. மருதம்மாள் முந்தானையை அவள் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். "கத்து. லயம் கேக்கட்டும்."

சிகப்பி கத்தினாள். அந்தச் சத்தம் கெடாவின் தெற்குக் கோடியில் இருக்கும் பண்டார் பாருவரைக்கும் கேட்டது. முதலில் வந்தவள் அம்சவள்ளி. வாசலில் ஒரு கணம் நின்றாள், நேரே உள்ளே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பெண் பிள்ளை பிறந்தது, எலிக்குஞ்சு மாதிரி, ஆனால் குரலோடு. குழந்தையைத் துடைத்துக் கொடுத்தபோதும், கிழங்குமாவுக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தபோதும் அம்சவள்ளி சிகப்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அரிசி கெடைக்கல, சிகப்பி" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் சிகப்பி.

இவ்வளவையும் நான் எழுதி வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேமாவதி, அன்று பிறந்த எலிக்குஞ்சு அவள்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மூட்டையெல்லாம் இல்லக்கா, நாலு காத்தி, ரெண்டரைக் கிலோகூட வராது. அத நீங்களே ஒத்துக்கிட்டீங்க, போகட்டும்லா. ஆனா விக்கிறதுக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத அடிச்சிருங்க. அந்த வாரந்தான் அம்சவள்ளி அத்தை பிள்ள பெத்து, பால் ஊறாமக் கெடந்தாங்க. அவங்களுக்குக் கஞ்சி வைக்கத்தான் அம்மா தோட்டக் கழட்டினது. கடைசிவரைக்கும் அத்தைகிட்ட சொல்லவே இல்ல. சொன்னா அவங்களுக்கு வெக்கமாப் போயிருமாம்."